நான்காவது மன்றாட்டு

பெரம்பலூர்,
12.8.2025, செவ்வாய்

மரியே வாழ்க!

அன்புள்ள கிறிஸ்டி அக்காவுக்கு,

டெய்சி எழுதுகிறேன். என் சளி விட்டுவிட்டது. அம்மாவின் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? அப்பா தலையில் துண்டு கட்டிக்கொண்டு வெயிலில் போகிறாரா? இதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் வார்டன் சிஸ்டர் பக்கத்தில் நின்று வாட்ச்சைப் பார்த்துக்கொண்டே இருந்தால், "நல்லா இருக்கேன், நீங்க நல்லா இருக்கீங்களா" என்பதைத் தவிர எனக்கு வாயில் ஒன்றும் வருவதில்லை.

விடுதியிலிருந்து போகும் கடிதங்களை வார்டன் சிஸ்டர் லீலா மேரி படித்துவிட்டுத்தான் ஒட்டுவார். அதனால் இதைக் கலையரசியிடம் கொடுத்து அனுப்புகிறேன். அவள் என் வகுப்பு. வீட்டிலிருந்து வந்து போகிறவள். பதிலை அவள் வீட்டு முகவரிக்கே போடு, பின்னால் எழுதியிருக்கிறேன். எல்லோரும் தூங்கிய பிறகு மாடிப்படியில் உட்கார்ந்து, மாதா சுரூபத்துக்குப் போட்டிருக்கும் நீல பல்பு வெளிச்சத்தில் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே.

விஷயம் இதுதான். போன ஞாயிறு நீதி ஞாயிறு இல்லையா, வழிபாட்டுப் பொறுப்பு பிளஸ் டூ பிள்ளைகளுக்கு. விசுவாசிகள் மன்றாட்டு நான்கு எழுத வேண்டும். திருத்தந்தைக்காக, நாட்டுத் தலைவர்களுக்காக, நோயாளிகளுக்காக, மழைக்காக என்று வருடம் முழுக்க அதே நான்குதான். வார்டன் சிஸ்டர் முந்தின நாளே வாங்கிப் பார்த்துவிடுவார். இந்த முறை அவர் தியானத்துக்குப் போயிருந்தார். எழுதியவர்கள் தாள்களைக் கோயில் ஃபைலில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். முத்தமிழ்தான் வாசித்தாள். விடுதியில் அவளுக்குத்தான் நல்ல குரல்.

நான்காவது மன்றாட்டு இப்படி இருந்தது: "நீதியின் இறைவா, எங்கள் விடுதிச் சமையலறையில் காலை ஐந்து மணி முதல் இரவு வரை நின்றபடியே உழைக்கும் ஆண்டாயி அம்மாவுக்கு, உட்கார ஒரு நாற்காலியாவது கிடைக்கும்படி பொறுப்பில் இருப்பவர்கள் மனம் இரங்க வேண்டுமென்று, இறைவா உம்மை மன்றாடுகிறோம்."

உடனே கோயில் முழுக்க, "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று சொல்லிவிட்டது! யாரும் யோசிக்கவே இல்லை. முன்வரிசையில் விடுதித் தலைவி மதரும் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் ஒவ்வொரு தலையாகத் திரும்பியது. முதலில் மதரின் தலை. ஆண்டாயிம்மா கிறிஸ்தவர் இல்லை, ஆனால் பூசை முடிந்ததும் டிபன் பரிமாற வேண்டுமே என்று பின்னால் கதவோரம் நின்றிருந்தார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

யார் எழுதியது என்று தெரியவில்லை. மன்றாட்டுத் தாளில் யாரும் பெயர் எழுதுவதில்லையே. சிஸ்டர் வந்ததும் விசாரணை இருக்கும் என்கிறார்கள். அக்கா, நீ இதைப் பற்றியெல்லாம் ஊர் ஊராக வகுப்பு எடுக்கிறவள். அப்படி எழுதியது தப்பா? அவசரமாகப் பதில் போடு.

உன் தங்கை,
டெய்சி


சூசைக்குறிச்சி,
18.8.2025

அன்புத் தங்கச்சி டெய்சிக்கு,

மாதாவின் துணையில் எல்லோரும் நலம். அம்மாவின் இடுப்புக்கு ஜெயங்கொண்டத்தில் ஒரு தைலம் வாங்கித் தேய்க்கிறோம். வலி போகவில்லை, வீடு முழுக்க வாசனை வந்துவிட்டது. அப்பா துண்டு கட்டுகிறார், நான் பார்க்கும்போது மட்டும்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு எழுந்து நின்று கை தட்டினேன். அம்மா பயந்துவிட்டாள். தப்பா என்றா கேட்கிறாய்? பைத்தியமே! அரியலூர் சமூகப்பணி மையத்தில் சேர்ந்து நான்கு வருடமாக நான் இதைத்தானே கத்திக்கொண்டிருக்கிறேன். மனித மாண்பு, உழைப்பின் மதிப்பு, ஏழைகள் பக்கம் நிற்பது என்று சார்ட்டில் எழுதி மாட்டுகிறேன். வருகிறவர்கள் ஆமாம் ஆமாம் என்கிறார்கள். பதினொன்றரைக்குச் சாப்பாட்டு வண்டி வந்துவிட்டதா என்று வாசலைப் பார்க்கிறார்கள். எங்கள் இயக்குநர் ஃபாதர் பெனடிக்ட் பன்னிரண்டு மணிக்கு வந்து, "எல்லாம் நல்லாப் போவுதாம்மா?" என்று கேட்டு போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார். போன வாரம் வரதராசன்பேட்டையில் ஒரு பெரியவர் என் வகுப்பிலேயே குறட்டை விட்டார். எழுப்பினால், "நீ சொல்லும்மா, எனக்கு எல்லாம் தெரிஞ்சதுதான்" என்கிறார்.

இத்தனை சார்ட் செய்யாததை ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை ஒரே வாக்கியத்தில் செய்துவிட்டாள். நேற்று மீன்சுருட்டி வகுப்பில் இதைத்தான் உதாரணமாகச் சொன்னேன். ஒருவர்கூடத் தூங்கவில்லை.

ஒன்றே ஒன்றுதான் குறை. அவள் முன்வந்து பெயரைச் சொல்ல வேண்டும். மறைந்து நின்று கேட்கிற நீதி பாதி நீதிதான். அவளைத் தெரிந்தால் சொல், நான் சொன்னேன் என்று.

வேளைக்குச் சாப்பிடு. குளிர்ந்த தண்ணீர் குடிக்காதே.

அக்கா கிறிஸ்டி


பெரம்பலூர்,
30.8.2025

மரியே வாழ்க!

அன்புள்ள அக்கா,

நான் நலம். தைலத்தின் பெயரை எழுதி அனுப்பு, எங்கள் கணக்கு டீச்சருக்கும் இடுப்பு வலி.

விசாரணை நடந்துவிட்டது. சிஸ்டர் எங்கள் நாற்பத்தொரு பேரையும் சாப்பாட்டு ஹாலில் உட்கார வைத்து ஆளுக்கொரு தாள் கொடுத்தார். "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று பத்து முறை எழுதச் சொன்னார். கையெழுத்தை ஒத்துப் பார்ப்பதற்காம்.  ஒரு தாளை மட்டும் தூக்கிப் பிடித்து, "இது என்னடி, கோழி கிண்டுன மாதிரி?" என்றார். அது என் தாள். கை நடுங்குகிறது சிஸ்டர் என்றேன். காய்ச்சல் என்று நினைத்து மாத்திரை கொடுத்தார். முழுங்கிவிட்டேன்.

முத்தமிழை மூன்று முறை கூப்பிட்டு, "யாரு எழுதுனது, சொல்லு" என்று கேட்டார்கள். "தெரியாது சிஸ்டர்" என்றாள். இனி அவள் கோயிலில் வாசிக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை போனும் கிடையாது. அவள் அம்மா போன் செய்துவிட்டு அழுதாராம். முத்தமிழ் இப்போது எல்லோரிடமும் பேசுகிறாள், என்னிடம் மட்டும் பேசுவதில்லை. ஏன் என்று தெரியவில்லை.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. பிள்ளைகளைத் தூண்டிவிட்டது ஆண்டாயிம்மாதான் என்று சிஸ்டர் முடிவு கட்டிவிட்டார். "கொஞ்ச நாள் வூட்ல இரு, சொல்லி அனுப்பறோம்" என்று அனுப்பிவிட்டார்கள். வேறு ஓர் அம்மா வந்திருக்கிறார். சாம்பார் என்ற பெயரில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுகிறார். தீபாவளி கழிந்து நவம்பரிலிருந்து அவரையே நிரந்தரமாக வைத்துக்கொள்ளப் போவதாகப் பேச்சு.

இன்னொன்றும் கேள். மன்றாட்டு பலித்துவிட்டது. மதர் சமையலறைக்குப் புதிதாக ஒரு நாற்காலி வாங்கிப் போட்டிருக்கிறார். சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. அதன் மேல் புது அம்மா முட்டைக்கோஸ் கூடையை வைத்திருக்கிறார்.

எழுதினவள் இப்போது என்ன செய்ய வேண்டும் அக்கா? நான் சும்மாதான் கேட்கிறேன்.

டெய்சி


சூசைக்குறிச்சி,
8.9.2025, மாதா பிறந்தநாள்

அன்புள்ள டெய்சி,

திருவிழா வாழ்த்துகள். எல்லோரும் சுகம். அம்மா பாயசம் வைத்தாள், உன் பங்கை அப்பா குடித்துவிட்டார்.

உன் கடிதத்தைப் படித்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. என்ன விடுதி அது! சுவர் முழுக்க அன்பு, சேவை என்று எழுதி வைத்துக்கொண்டு, ஒரு நாற்காலிக்காக ஒரு மனுஷியை வெளியே அனுப்புவார்களா? அதைவிட எனக்குக் கோபம் அந்தப் பிள்ளைமேல். அவளால் இன்னொரு பிள்ளை தண்டனை அனுபவிக்கிறது, ஒரு ஏழையின் பிழைப்பு போகிறது. அவள் தினமும் நற்கருணை வாங்குகிறாளா? எப்படித் தொண்டையில் இறங்குகிறது? என்ன செய்ய வேண்டும் என்றா கேட்கிறாய்? இன்றைக்கே மதரிடம் போய், "நான்தான்" என்று சொல்ல வேண்டும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? இதை அவள் காதில் விழுகிற மாதிரி சத்தமாகப் படி.

நேற்றைய வகுப்பில் இந்த இரண்டாம் பாகத்தையும் சொன்னேன். பெண்கள் கொதித்துப் போனார்கள்.

காலாண்டுப் பரீட்சைக்கு நன்றாகப் படி. லீவுக்கு என்றைக்கு வருகிறாய்? அப்பா அரியலூர் பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்பார்.

அக்கா கிறிஸ்டி


சூசைக்குறிச்சி,
3.10.2025

டெய்சிக்கு,

நீ நலமா? நாங்கள் நலம் என்று எழுத வரவில்லை.

நான்கு வாரமாகப் பதில் இல்லை. லீவுக்கும் வரவில்லை. போனில், "ஸ்பெஷல் கிளாஸ் இருக்கு" என்று ஒரே வரி சொன்னாய். அப்பா ஒருவேளை வந்துவிடுவாயோ என்று இரண்டு நாள் அரியலூர் பஸ் ஸ்டாண்டில் போய் நின்றுவிட்டு வந்தார். அம்மா கொள்ளிடத்து மீன் வாங்கிக் குழம்பு வைத்து, மறுநாளும் சுண்ட வைத்து, கடைசியில் பக்கத்து வீட்டில் கொடுத்தாள். உன் விடுதியில் படிக்கிற திருமானூர்ப் பிள்ளையை நேற்று பஸ்ஸில் பார்த்தேன். ஸ்பெஷல் கிளாஸ் எதுவும் இல்லையாம்.

வீட்டுக்கு வந்து உன் கடிதங்களை எடுத்து மறுபடி படித்தேன். நீ எழுதியிருந்த அந்தக் கை நடுக்கம், கோழி கிண்டின எழுத்து. 

நீதானே?

பதில் எழுத வேண்டாம். இதைக் கேள். வாயைத் திறக்காதே. யாரிடமும், எதற்காகவும். உனக்கு அங்கே இலவச இடம். ஃபாதர் பெனடிக்ட் கடிதம் கொடுத்துத்தான் அது கிடைத்தது. நான் அவரிடம் வேலை பார்க்கிறேன். பிளஸ் டூ நடுவில் வெளியே அனுப்பினால் எந்தப் பள்ளி சேர்த்துக்கொள்ளும்? அப்பாவால் தாங்க முடியாது. மார்ச் வரைக்கும் பொறு. பரீட்சை முடியட்டும். அந்த அம்மாவுக்கு வேறு எங்காவது வேலை கிடைக்கும். நான்கூட விசாரிக்கிறேன்.

இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு.

கிறிஸ்டி


பெரம்பலூர்,
8.10.2025

அக்கா,

நலம்.

ஆமாம், நான்தான்.

உன் செப்டம்பர் கடிதத்தையும் அக்டோபர் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். முதலாவதில், "இதில் யோசிக்க என்ன இருக்கிறது?" என்று எழுதியிருக்கிறாய். இரண்டாவதில் யோசிப்பதற்கு ஆறு காரணங்கள் இருக்கின்றன. எழுதினவள் ஊரார் பிள்ளை என்றால் இன்றைக்கே சொல்ல வேண்டும், உன் தங்கச்சி என்றால் மார்ச்சில் சொல்லலாம். அப்படித்தானே? இதையும் மீன்சுருட்டி வகுப்பில் மூன்றாம் பாகமாகச் சொல்லிவிட்டாயா?

எனக்குப் பயமாக இல்லை என்று நினைக்காதே. மதரின் செருப்புச் சத்தம் கேட்டாலே மாடிக்கு ஓடிவிடுகிறேன். மறைமாவட்ட வினாடி வினாவில் திருச்சபையின் சமூகப் போதனைக்காக முதல் பரிசு வாங்கினேனே, திருத்தந்தையின் எந்தச் சுற்றுமடல் எந்த வருடம் என்று இப்போதும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். மாடியிலிருந்து இறங்கி மதர் அறைவரை போக மட்டும் கால் வருவதில்லை. வீட்டுக்கு வராததற்கும் அதுதான் காரணம். அப்பா முகத்தைப் பார்த்தால் சொல்லிவிடுவேன்.

நீயாவது, "போ, நான் இருக்கேன்" என்பாய் என்று நினைத்தேன்.

கடிதத்தைக் கிழிக்கவில்லை.

டெய்சி


சூசைக்குறிச்சி,
14.10.2025

அன்புள்ள டெய்சிக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். உன் உடம்பைப் பார்த்துக்கொள். இங்கே நல்ல மழை. அப்பாவுக்கு வேலை இல்லை, வீட்டில் உட்கார்ந்து குடையைப் பழுது பார்க்கிறார். ஏற்கெனவே நன்றாக இருந்த குடை. அம்மாவின் வலி பரவாயில்லை. பக்கத்து வீட்டு ஆடு இரண்டு குட்டி போட்டது, இரண்டும் கிடா. கொசு அதிகம். நீ போர்த்திக்கொண்டு தூங்கு.

வேறு விசேஷம் இல்லை.

கிறிஸ்டி


பெரம்பலூர்,
21.10.2025

மரியே வாழ்க!

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். ஆடு, குட்டி, கொசு எல்லாம் படித்தேன். நன்றி.

நேற்று தீபாவளிக்குக் கலையரசி வீட்டுக்குப் போக அனுமதி கிடைத்தது. இரண்டு இட்லி சாப்பிட்டதும், "ஆண்டாயிம்மா ஊருக்குப் போகலாமா?" என்று கேட்டேன். கலையரசி எதுவும் கேட்காமல் செருப்பை மாட்டினாள். டவுன் பஸ்ஸில் எட்டுக் கிலோமீட்டர், பிறகு ஊர் பிரியும் விலக்கிலிருந்து இரண்டு கிலோமீட்டர் நடை. இரண்டு பக்கமும் மக்காச்சோளம், ஒரு வீடு கிடையாது.

ஆண்டாயிம்மா வாசலில் சோளம் உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "ஏண்டி, லீவுக்கு வூட்டுக்குப் போவலியா? இளைச்சுப் போயிட்டியே, அந்தப் புது ஆளு என்னத்தடி போடுறா?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிச்சிடுங்க, நாளைக்கே மதர்கிட்டச் சொல்லிடறேன் என்றேன். என்னைக் கட்டிப்பிடித்துக்கொள்வார் என்று நினைத்தேன் அக்கா. உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

கையில் இருந்த சோளக்கதிரைக் கீழே போட்டார்.

"நீதானா? ஏண்டி, நாக்காலி வேணும்னு நான் உங்கிட்டக் கேட்டனா?"

"இல்லங்க. நீங்க நின்னுக்கிட்டே இருந்தீங்க, அதான்..."

"நின்னா நிக்கறேன்! எனக்கு மூட்டு தேஞ்சு போச்சு. உக்காந்தா எந்திரிக்க ரெண்டு ஆளு வேணும். நின்னாத்தாண்டி எனக்கு வேலயே ஓடும். நாக்காலியாம் நாக்காலி! அம்மாம்பெரிய கோயில்ல எம்பேரச் சொல்லி, அத்தினி பேரும் திரும்பிப் பாத்தாங்க. நான் என்ன, அரிசி திருடுனனா? சாமிகிட்ட எனக்காகக் கேக்கத் தெரியுது, எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கத் தெரியலியா? தெனம் மூணு வேள தட்டத் தூக்கிக்கிட்டு எம்முன்னாடிதான வந்து நின்ன!"

கலையரசி மெதுவாக, "அப்ப உங்களுக்கு என்னதாங்க வேணும்?" என்றாள். எனக்கு இரண்டு மாதமாகத் தோன்றாத கேள்வி, தீபாவளி முறுக்கைக் கடித்துக்கொண்டே கேட்டுவிட்டாள்.

"ஏழு பத்து பஸ்ஸு" என்றார் ஆண்டாயிம்மா.

அதுதான் பெண்களுக்கு டிக்கெட் இல்லாத கடைசி டவுன் பஸ்ஸாம். நாங்கள் ஏழரைக்குச் சாப்பிட்டு, அவர் அண்டா தேய்த்து முடிக்க எட்டரை ஆகிறது. அப்புறம் ஷேர் ஆட்டோ, விலக்கிலிருந்து இருட்டில் நடை. ஜூன் மாதம் நாய் கடித்துவிட்டதாம். சேலையை விலக்கிக் கெண்டைக்காலைக் காட்டினார். ஐந்து ஊசி போட்டுக்கொண்டு, ஒரு நாள்கூட லீவு எடுக்காமல் எங்களுக்கு இட்லி ஊற்றியிருக்கிறார். நாற்பத்தொரு பேரில் ஒருத்திக்கும் தெரியாது.

"சோத்தயும் ரசத்தயும் ஆறரைக்கு எறக்கி வெச்சிடறேன். நீங்களே போட்டுத் தின்னுட்டு அண்டாவத் தேச்சுக் கவுத்துடுங்க. நான் பஸ்ஸுக்கு ஓடிடறேன். இத்தினி நாளா இதச் சொல்லலாம்னு வாய் வரைக்கும் வரும். நீ நாக்காலியக் கேட்டு நாசம் பண்ணிட்ட."

அதை அவர் சொன்னபடியே தாளில் எழுதினேன். படித்துக் காட்டச் சொன்னார். "ஓடிடறேன்னு எழுதாத, போயிடறேன்னு எழுது" என்றார். மாற்றினேன். கையெழுத்துப் போட்டார். கீழே நானும் என் பெயரை எழுதினேன். கிளம்பும்போது, "பஸ்ஸுல சன்னலோரமா உக்காராத, மழ அடிக்கும்" என்று திட்டி அனுப்பினார்.

இந்தத் தாளை மதரிடம் கொடுக்கப் போகிறேன். நவம்பர் பிறப்பதற்கு இன்னும் பதினோரு நாள் இருக்கிறது. தாள் இப்போது வேதியியல் புத்தகத்துக்குள் இருக்கிறது.

டெய்சி


சூசைக்குறிச்சி,
26.10.2025

அன்புள்ள டெய்சி,

எல்லோரும் நலம். நான் மட்டும் சுமாராக இருக்கிறேன்.

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு இன்று வகுப்புக்குப் போனேன். சார்ட்டை மாட்டவில்லை. வந்திருந்த பெண்களிடம், "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டேன்.  ஒரு பெண், "கிளாஸ ஞாயித்துக்கெழம வெக்காதீங்க, அன்னைக்குத்தான் துணி தொவைக்கணும்" என்றாள். நான்கு வருடமாக ஞாயிற்றுக்கிழமைதான் வைக்கிறேன்.

தனியாகப் போகாதே. 31ஆம் தேதி வெள்ளிக்கிழமை மதியம் நான் வருகிறேன். இரண்டு பேருமாக மதரைப் பார்ப்போம். பேச வேண்டியதை நான் பேசுகிறேன்.

அக்கா


பெரம்பலூர்,
9.11.2025, ஞாயிறு

மரியே வாழ்க!

அன்புள்ள அக்கா,

நான் நலம். கை மட்டும் கொப்பளித்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணியிலிருந்து பார்வையாளர் அறையில் உட்கார்ந்திருந்தேன். நான்கு மணிக்கு வாட்ச்மேன், "யாரும்மா வராங்க?" என்றார். யாரும் இல்லை என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனேன். புது அம்மாவைக் கூப்பிட்டு நாளையிலிருந்து நிரந்தரம் என்று அன்றைக்குச் சாயங்காலம் சொல்லப் போகிறார்கள் என்று தெரியும். மறுபடி இறங்கினேன். மதர் அறைக் கதவு திறந்திருந்தது. மூடியிருந்தால் திரும்பியிருப்பேன்.

"நான்தாங்க மதர் எழுதுனேன்."

மதர் கண்ணாடியைக் கழற்றினார். "முத்தமிழ் மூணு மாசமா பேச்சு வாங்குறா. நீ எங்கடி இருந்த?"

 தாளை நீட்டினேன். இரண்டு முறை படித்தார்.

"நாற்காலி கேட்டீங்க, வாங்கிப் போட்டேன். இப்ப நாற்காலி வேணாம், பஸ்ஸுங்கறீங்க. ஒரு மனுசி என்னதான் செய்யறது? கோயில்ல முன்னாடிதான உக்காந்திருக்கேன், நேரா வந்து எங்கிட்டக் கேக்கறதுக்கென்ன?"

"பயமா இருந்துச்சு மதர்."

"இப்ப?"

"இப்பவும்தாங்க."

அவர் சிரிக்கவில்லை. இராச் சாப்பாட்டின்போது ஹாலுக்கு வந்து எல்லோர் முன்னாலும் தாளைப் படித்தார். "ஆண்டாயி திரும்பி வரட்டும். ஆனா ஏழு மணிக்குள்ள கெளம்பணும்னா, பரிமாறுறது, அண்டா தேய்க்கிறது எல்லாம் நீங்கதான். எவளையும் கட்டாயப்படுத்த மாட்டேன். சம்மதம்னா கையத் தூக்குங்க."

என்னையும் சேர்த்து ஆறு கை!

அக்கா, ஆகஸ்டில் கோயிலே அதிரும்படி சொன்ன வாய்கள்தானே இவை? "எங்கப்பா அண்டா தேய்க்கவாடி ஹாஸ்டல்ல சேத்தாரு?" என்றாள் ஒருத்தி. "நீதான எழுதுன, நீயே தேயி" என்றாள் இன்னொருத்தி. நீட் படிக்கிறவளுக்கு நேரமில்லை. நகம் வளர்க்கிறவளுக்கு நகம். கடவுளிடம் கேட்பது எவ்வளவு சுலபமாக இருந்தது! நான்கு நாள் ஒவ்வொரு கட்டிலாகப் போய் நின்றேன். நாய் கடித்த கதையை இருபது முறை சொன்னேன். எனக்கே சலித்துவிட்டது, ஆனாலும் இன்னும் ஆறு பேர் சேர்ந்தார்கள். கடைசியில் முத்தமிழ் கட்டிலுக்குப் போனேன்.

"தாளப் பாத்த அன்னைக்கே உன் கையெழுத்துன்னு தெரியும்" என்றாள். "நீயா சொல்லுவன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். உனக்காக வரலடி. அந்தம்மாவ நாய் கடிச்சதுக்காக வரேன். போ."

அவள் வந்ததும் அவளோடு நான்கு பேர் வந்தார்கள். மொத்தம் பதினேழு. நாற்பத்தொன்றில் பதினேழுதான். ஆனால் நாள் ஒன்றுக்கு நான்கு பேர் போதும்.

வியாழக்கிழமை ஆண்டாயிம்மா வந்துவிட்டார். வந்ததும் சிவப்பு நாற்காலியைத் தூக்கிக் கொல்லையில் போட்டார். என்னிடம் சிரிக்கவில்லை. "அண்டாவ வெளியிலயும் தேய்க்கணும், தெரியுமில்ல?" என்றார். அன்றைக்கு வார்டன் சிஸ்டர் வந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இப்பிடியாடி தேய்ப்பாங்க?" என்று என் கையிலிருந்த நாரைப் பிடுங்கிக்கொண்டார். ஒரு அண்டா முழுக்க அவரே தேய்த்தார். ஆண்டாயிம்மா அன்றிலிருந்து தினமும் ஏழு பத்து பஸ்ஸைப் பிடித்துவிடுகிறார்.

என்னை வெளியே அனுப்பவில்லை. மார்ச் வரை இருக்கலாம். அரையாண்டு வரை போன் கிடையாது. மதர் அப்பாவுக்கு எல்லாவற்றையும் கடிதமாக எழுதி நேற்று போட்டுவிட்டார். மூன்று மாதம் மறைத்ததையும், முத்தமிழ் பட்டதையும். புதன் அல்லது வியாழன் வந்து சேரும்.

அக்கா, அந்த நேரத்தில் வீட்டில் இரு. உன்னிடம் வேறு எதுவும் கேட்கவில்லை.

டெய்சி


சூசைக்குறிச்சி,
13.11.2025

அன்புள்ள டெய்சிக்கு,

அப்பா, அம்மா, நான் எல்லோரும் நலம். உன் கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவு.

அன்றைக்கு நான் அரியலூர் வரை வந்தேன். பெரம்பலூர் பஸ் நின்றுகொண்டிருந்தது. ஏறி உட்கார்ந்தேன். ஃபாதர் போன் செய்தார், எங்கம்மா இருக்க என்றார். உடம்பு சரியில்லை ஃபாதர், வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லி இறங்கிவிட்டேன். பஸ் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இதற்குமேல் சொல்ல ஒன்றும் இல்லை.

மதர் கடிதம் இன்று மதியம் வந்தது. நான் வேலைக்குப் போகாமல் வீட்டில்தான் இருந்தேன். அப்பா என்னைப் படிக்கச் சொன்னார். ஒரு வரி விடாமல் படித்தேன். அம்மா பாதியிலேயே அழ ஆரம்பித்துவிட்டாள். "இந்தப் புத்தியெல்லாம் நீ சொல்லிக் குடுத்ததுதானடி?" என்று என்னைக் கேட்டாள். ஆமாம் என்று சொல்லிப் பெருமை வாங்கிக்கொண்டிருக்கலாம். "இல்லம்மா. நான் வாய மூடிக்கிட்டு இருன்னுதான் எழுதுனேன்" என்றேன்.

  அப்பா கடிதத்தை வாங்கி மடித்தார், மறுபடி பிரித்தார். உனக்கே தெரியும், அவருக்குப் படிக்க வராது. அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னைக் கேட்டார்:

"அந்தம்மா பஸ்ஸப் புடிச்சாங்களாமா?"

"புடிச்சாங்களாம்பா."

"தெனமுமா?"

"தெனமும்தாம்பா."

சரி என்று தலையை ஆட்டிவிட்டு, துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார்.

அக்கா